கைபேசியும் காவலும்
(கரக்பூர் ரயில்வே காலனித் தமிழ் மக்களின் ஆண்டு விழாவில் பார்சல் அலுவலக எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையுமே இடம்பெறுவது வழக்கம். சிலம்பையும் கம்பனையும் பற்றி எடுத்துரைக்கக் கற்றறிந்தோர் நம்மிடையே பலர் உளர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் ஆபீஸில் ரசீது எழுதிப் பிழைக்கும் எனக்கு அத்தகைய தகுதி இல்லை. எனினும், செல்போனையும் டேப்லெட்டையும் கள்வரிடமிருந்து காப்பது எப்படி என்பது குறித்துப் பேச வேண்டுமென்று நானே செயலாளரிடம் கேட்டு இச்சிறு நேரத்தைப் பெற்றேன். இதைப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களாயின், நான் ஏமாந்தவன். அதுவே என் தகுதி. ஏமாந்தது மட்டுமன்று. ஏமாந்ததை மறைத்து, அதனால் இவ்வவையில் உள்ள சிலருக்கும் தீங்கு நேரக் காரணமானவன். அக்கடனில் ஒரு பகுதியையேனும் தீர்க்கும் பொருட்டே இங்கு நிற்கின்றேன்.

நம் நாட்டின் முதல் கைபேசி அழைப்பு, நாம் வாழும் இந்த வங்க மாநிலத்திலிருந்தே சென்றது என்பது நம்முள் பலருக்குத் தெரியாதிருக்கலாம். 1995ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் ஜோதி பாசு அவர்கள் கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராம் அவர்களோடு பேசினார். அன்று அது பேசுங் கருவி மட்டுமே. இன்றோ அது பணப்பெட்டி, வங்கிப் புத்தகம், ரயில் டிக்கெட், ஆதார் அட்டை, குடும்பப் படத் தொகுப்பு. 2016இல் யு.பி.ஐ. வந்தபின் கீரைக்காரியிடமும் அதனைக் கொண்டே பணம் தருகிறோம். 2020இல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, டேப்லெட் என்னும் பலகைக் கணினியும் நம் வீடுகளில் நுழைந்தது. முன்னாளில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பொருளனைத்தையும் இன்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். ஆனால் டிரங்குப் பெட்டிக்கு வைத்த பூட்டை இதற்கு வைக்க மறந்தோம்.

இனி என் கதையைச் சொல்லுகிறேன். சென்ற ஆண்டு தை மாதத்து ஞாயிறொன்றில், இரவு டியூட்டி முடிந்து வீடு திரும்பிக் காப்பி அருந்திக்கொண்டிருந்தேன். முன்பு என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. 'திருமண அழைப்பிதழ், அவசியம் வருக' என்றிருந்தது. கீழே ஒரு கோப்பு. அவருக்கு மணவயதில் மகள் உண்டு என்பதை அறிவேன். மகிழ்ச்சியோடு அதனைத் தொட்டேன். பொச்சாவாமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். மகிழ்ச்சியில் மயங்கிக் காவலை மறத்தல் பெருங்கேடு என்பது அதன் கருத்து. அது எத்துணை உண்மை என்பதை அன்று அறிந்தேன்.

அக்கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்திருந்தது. அப்பெயருடையது படமும் அன்று, கடிதமும் அன்று. செல்போனுக்குள் குடியேறி வேலை செய்யும் ஒரு செயலி. 'இது எங்கிருந்து வந்ததென அறியப்படவில்லை. தீங்கு விளையலாம்' என்று செல்போன் ஆங்கிலத்தில் எச்சரித்தது. நான் படிக்கவில்லை, 'சரி' என்பதை அழுத்தினேன். பின்னர், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். படங்களைப் பார்க்க அனுமதி கேட்டது; அதையும் கொடுத்தேன். மஞ்சள் தடவி வரும் அழைப்பிதழ், வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க அனுமதி கேட்குமா என்று ஒரு கணம் எண்ணியிருந்தால் தப்பியிருப்பேன். ரசீது காட்டாமல் ஒரு தேங்காய் மூட்டையைக்கூட எவரிடமும் ஒப்படைக்காத நான், முகமறியாதவனிடம் என் வீட்டுச் சாவியை ஒப்படைத்தேன்.

திறந்தும் அழைப்பிதழ் ஒன்றும் தெரியவில்லை. அசதியில் உறங்கிவிட்டேன். மறுநாள் பார்த்தபோது என் கணக்கிலிருந்து நான்கு முறையாக ரூபாய் 46,500 போயிருந்தது. சௌகரியத்திற்காக ஏ.டி.எம். கார்டின் இரு பக்கங்களையும் படமெடுத்துச் செல்போனிலேயே வைத்திருந்தேன். கார்டின் எண்கள் படத்திலிருந்து கிடைத்தன; வங்கி அனுப்பிய ஓ.டி.பி. எண்கள் குறுஞ்செய்தியிலிருந்து கிடைத்தன. கள்வனுக்கு வேறென்ன வேண்டும்? மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்த பணம் அது.

இதற்குப் பின் நான் செய்ததுதான் பெரும் பிழை. எவரிடமும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன் ஏமாந்தான் என்றால் ஊர் சிரிக்காதா என்ற வெட்கம். மனைவியிடமும் மறைத்தேன். வாட்ஸ்ஆப் திறக்கவில்லை, செல்போன் பழுதாயிற்று என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நேர்ந்தது வேறு. என் குறுஞ்செய்திகளைப் படித்துக்கொண்டிருந்த கள்வன், வாட்ஸ்ஆப் அனுப்பிய பதிவு எண்ணையும் படித்து, என் கணக்கைத் தன் கருவியில் திறந்துகொண்டான். அதே திருமண அழைப்பிதழ், என் பெயரால், எனக்குத் தெரிந்தவர் அனைவருக்கும் சென்றது. என் நண்பர் பெயரால் எனக்கு வந்ததும் அவ்வாறே என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

நம் காலனியில் மூவர் அதனைத் திறந்தனர். அவர்களுள் ஒருவர், பணியிலிருக்கும்போதே கணவரை இழந்து, குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்ந்துவரும் அம்மையார். அவர் கணக்கிலிருந்து ரூபாய் 12,000 போயிற்று. மூன்றாம் நாள் மாலை அவர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "தம்பி, நீ அனுப்பியதாயிற்றே என்றுதான் திறந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தம்மீதே பிழை இருப்பது போன்று சொன்னார். நான் முதல் நாளே வாய்திறந்து, 'என் பெயரில் வருவதைத் திறவாதீர்கள்' என்று நான்கு வீடுகளில் சொல்லியிருந்தால் அவர் பணம் போயிராது. அவர் அனுமதி பெற்றே இதனை இங்குக் கூறுகிறேன். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அவரிடம் திருப்பித் தந்து வருகிறேன். வேண்டாம் என்று அவர் சொல்வதை மட்டும் நான் கேட்பதில்லை.

அம்மையார் பேசியதைக் கேட்ட பின்னரே என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவள் என்னை ஒரு சொல்லும் சொல்லாமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தாள். அதற்குள் பணம் பல கணக்குகளுக்கு மாறிக் கைக்கெட்டாமற் போயிருந்தது. ரூபாய் 3,200 மட்டும் ஒரு கணக்கில் தேங்கி நின்றதால் தடுத்து வைத்தார்கள். இதே காலனியில், அடுத்த வரிசையில் வாழும் கார்டு ஒருவர் வீட்டில் இத்தகைய திருட்டு நடந்தபோது, அரைமணி நேரத்திற்குள் 1930க்குச் சொன்னார்கள். பெரும்பகுதி தடுக்கப்பட்டுச் சில மாதங்களில் திரும்பி வந்தது. அவர்களுக்கும் எங்களுக்கும் இருந்த வேறுபாடு அறிவு அன்று; வெட்கமே.

1930 என்பது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். அங்குச் சொல்லப்படும் புகார் உடனே வங்கிகளுக்குச் செல்லுகிறது. திருடிய பணம் இப்போது எந்தக் கணக்கில் நிற்கிறதோ, அங்கேயே அதனை நிறுத்திவைக்க முயல்கிறார்கள். ஓடுகின்ற வண்டியை அடுத்த ஸ்டேஷனில் நிறுத்துவது போன்றது இது. வண்டி எத்தனை ஸ்டேஷன் கடந்துவிட்டது என்பதைப் பொறுத்தே பலன். ஆதலின் நாள்கணக்கில் அன்று, நிமிஷக்கணக்கில் எண்ணுங்கள். வங்கிக்கும் அப்போதே தெரிவித்துக் கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் இதனையே அடிப்படையாகக் கொண்டது. நம் கவனக்குறைவால் ரகசிய எண்ணைப் பிறரிடம் தந்து நேர்ந்த நஷ்டம், வங்கிக்கு நாம் அறிவிக்கும் வரை நம்முடையது; அறிவித்த பின் நேர்வது வங்கியுடையது என்று அது வகுத்தது. எனவே, சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

அன்பர்களே! ஓ.டி.பி. என்றால் என்னவென்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள். ரயில்வே குடும்பத்தினருக்கு அதனை விளக்குதல் எளிது. நம் ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் பிரைவேட் நம்பர் என்றொரு தாள் உண்டு. கேட் மூடப்பட்டது என்பதையோ, லயன் காலியாக உள்ளது என்பதையோ போனில் வாயால் சொன்னால் மட்டும் போதாது. சொல்பவர் தம் தாளிலுள்ள ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்ன எண்ணை உடனே அடித்துவிடுவார்கள். மறுமுறை அது செல்லாது. அத்தாளை வழிப்போக்கர் எவரேனும் கேட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுப்பாரா? கொடுத்தால் எத்தனை உயிருக்கு ஆபத்து! ஓ.டி.பி. என்பது நம் பணத்திற்குரிய பிரைவேட் நம்பர். நாமே தொடங்கிய வேலைக்கு, நாமே நம் கையால் இடுவதற்கு மட்டுமே அது பிறந்தது. அதைக் கேட்டு வரும் போன் வங்கியிலிருந்து வந்ததாகச் சொன்னாலும், ஓய்வூதிய அலுவலகத்தில் உயிர்வாழ் சான்றைப் புதுப்பிப்பதற்காக என்று சொன்னாலும், அது கள்வனின் குரலே. இதில் விதிவிலக்கு இல்லை.

இந்த முறையை வீட்டிற்குள்ளும் கொண்டுவரலாம். மனிதர் குரலை அப்படியே போலி செய்யும் இயந்திர வித்தை இன்று வந்துவிட்டது. சென்னையில் படிக்கும் மகன் குரலில், 'அப்பா, விபத்து, உடனே பணம் அனுப்பு' என்று எவனோ பேசக்கூடும். ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஊர்ப் பெயரோ, பழைய பசுவின் பெயரோ ஆகட்டும். அச்சொல் வராவிடில் பணம் போகலாகாது. போனை வைத்துவிட்டு, மகனுடைய பழைய எண்ணில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

இனி, அன்றாடம் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது: செயலிகளை அவற்றுக்குரிய பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் என்னும் கடைகளிலிருந்து மட்டுமே எடுங்கள். அங்கும் பெயரைச் சரிபாருங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு அழைப்பிதழாயினும், போக்குவரத்து அபராதச் சீட்டாயினும், வங்கி அறிவிப்பாயினும் திறக்கலாகாது. நம் ரயில்வேயின் பெயரையும் கள்வர் விட்டுவைக்கவில்லை. ஐ.ஆர்.சி.டி.சி.யின் பெயரால் போலி ஏ.பி.கே. ஒன்று உலவுவதாக அந்நிறுவனமே 2023 ஏப்ரலில் மக்களை எச்சரித்தது.

இரண்டாவது: ஒரு செயலி கேட்கும் அனுமதி அதன் தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். விளக்கெரிக்கும் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு? குறிப்பாக, கண்பார்வை குன்றியோர் முதலானோர்க்கு உதவும் பொருட்டு அமைந்த ஆக்ஸஸிபிலிட்டி என்னும் அனுமதியை அறியாத செயலிக்குத் தந்துவிட்டால், திரையில் தெரிவதையெல்லாம் அது காணும். நம் கையைப் போலவே அழுத்தவும் செய்யும். இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்போன் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ கேட்பதால்தான் பொருள் புரியாமல் 'சரி' என்பதை அழுத்துகிறோம். அமைப்புப் பகுதியில் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். அனுமதி, மறு என்ற சொற்கள் கண்ணெதிரே நின்றால் கை சற்றே தயங்கும். அத்தயக்கமே காவல். தமிழ் வளர்க்கும் நாம் தமிழால் பெறும் நேரடிப் பயன்களுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் வேண்டியதில்லை. கொடுப்பதற்கு மட்டுமே வேண்டும். 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, பின்னை அழுத்துங்கள்' என்பது பொய். அவ்வாறே, 'பழுதை நான் சரிசெய்கிறேன்' என்று சொல்லித் திரையைப் பார்க்கும் செயலியை இறக்கச் சொல்பவனையும் நம்பாதீர்கள். எனிடெஸ்க் என்னும் தொலைப்பார்வைச் செயலி கொண்டு இவ்வாறு பணம் பறிக்கக் கூடுமென்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலியின்மீது குற்றமில்லை, அதனை இறக்கச் சொல்பவன் எவன் என்பதே கேள்வி.

நான்காவது: வாட்ஸ்ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்றொரு வசதி உண்டு. அதில் ஆறிலக்க எண் ஒன்றை நீங்களே இட்டு வைத்திருந்தால், குறுஞ்செய்தியைத் திருடியவனும் உங்கள் கணக்கை எளிதில் திறக்க இயலாது. நான் அதை இட்டிருந்தால் அம்மையார் வீட்டுக்கு அந்த அழைப்பிதழ் போயிராது. இன்றிரவே இடுங்கள்.

ஐந்தாவது: திரைப்பூட்டு எல்லாருக்கும் வேண்டும். பிறந்த ஆண்டையோ 1234 என்பதையோ பூட்டாக வைப்பது, சாவியை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பு. செல்போன் தரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் மராமத்து வேலை அது. தண்டவாளத்திற்குப் பராமரிப்பு உண்டெனில் இதற்கும் உண்டு. மிகப் பழைய கருவிகளுக்குப் புதுப்பிப்பு வருவது நின்றுவிடும். அவற்றில் பாட்டுக் கேட்கலாம், வங்கி வேலை வேண்டாம். ஏ.டி.எம். கார்டின் படத்தை இன்றே அழித்துவிடுங்கள்.

ஆறாவது: குழந்தைகளின் டேப்லெட்டில் வங்கிச் செயலியோ, கார்டு எண்ணோ, அப்பாவின் மின்னஞ்சலோ இருத்தல் ஆகாது. விளையாட்டில் பொற்காசு தருகிறோம் என்று எவன் அழைத்தாலும் குழந்தை தொட்டுவிடும். அது அதன் இயல்பு. குழந்தைக்கெனத் தனிக் கணக்கு அமைத்து, புதிய செயலி எதற்கும் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள்.

ஏழாவது: செல்போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், போலீஸில் புகார் செய்யுங்கள். ரயிலில் தொலைந்தால் 139க்கும் தெரிவிக்கலாம். 2023 மே மாதத்தில் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில், புகாரின் நகலோடு கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தந்தால், அக்கருவி நாட்டின் எந்த வலையிலும் இயங்காதபடி தடுக்கப்படும். அவ்வெண்ணை அறிய நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்துங்கள். வரும் பதினைந்து இலக்கத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். தொலைந்த பின் அந்த எண்ணைச் சொல்லச் செல்போன் இராது அல்லவா!

இவை அனைத்தினும் எனக்குக் கவலை தருவது மற்றொன்று. பகல் நேரத்தில் நம் குவார்ட்டர்ஸுகளில் முதியோர் தனித்திருக்கிறார்கள். போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் தோன்றும் ஒருவன், 'உன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது. உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். எவரிடமும் பேசாதே' என்று ஹிந்தியில் அதட்டுவான். பிற மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு, அதிகாரியின் அதட்டலென்றால், அதுவும் நமக்குச் சரளமாக வராத மொழியில் என்றால், இயல்பாகவே ஓர் அச்சம். அவ்வச்சத்தையே அவன் மூலதனமாக்குகிறான். இருபது ஆண்டு பார்சல் ஆபீஸில் இருந்தவன் சொல்கிறேன்: சந்தேகத்திற்குரிய பார்சலுக்காக எவரையும் போனில் கைது செய்வதைக் கண்டதில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றும் இல்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் பிரதமரே இதனைத் தெளிவாகக் கூறினார். 'எவரிடமும் சொல்லாதே' என்று ஒருவன் சொன்னால், அதுவே அவன் கள்வன் என்பதற்கு அத்தாட்சி. போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வங்காளி வீடாயினும் தெலுங்கர் வீடாயினும் தட்டுங்கள்.

முடிக்குமுன் இச்சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் நூலக அறையில் ஒரு மணி நேரம், நம் இளைஞர் இருவர் அமர்ந்து, பெரியோரின் செல்போன்களில் இக்காவல்களை அமைத்துத் தரட்டும். வாயிலில் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி மாட்டுவோம். ஏமாந்து வருபவரை எவரும் நகைக்கலாகாது என்பதை அவ்வறையின் முதல் விதியாகக் கொள்வோம். ஏனெனில், ஒற்றைப் பாதையில் ஓடும் வண்டிகளைப் போன்றவர்கள் நாம். ஒருவன் எண்ணில் அனைவர் எண்ணும் இருக்கிறது. ஒருவன் தவறு அடுத்த வீட்டுக்குப் போக நொடிப்பொழுது போதும். அதுபோலவே ஒருவன் வாய்திறந்தால் அனைவரும் தப்பலாம்.

நான் இரண்டு நாள் வாய்மூடி இருந்தேன். இன்று இருபது நிமிடம் பேசியிருக்கிறேன். என்னை மன்னித்த அந்தத் தாய்க்கு என் நன்றி.